கரிய மாதாவின் மலைப்பாதையில் சைக்கிள் சவாரி

மத்தியதரைக் கடலில், ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த மயோர்க்கா என்ற தீவு இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமையன்று, விடிந்தும் விடியாத வேளையில், அந்தத் தீவின் வடகிழக்குக் கடற்கரையில் சுமார் 8,000 பேர் சைக்கிளும் கையுமாகக் கூடுகிறார்கள். அவர்களில் இளைஞர்களும் உண்டு. தலை நரைத்தவர்களும் உண்டு. வங்கிக் குமாஸ்தாக்களும், பள்ளி ஆசிரியைகளும், பேரன் பேத்தி எடுத்தவர்களும் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள்.

இந்தச் சவாரிக்கு 'மயோர்க்கா 312' என்று பெயர். அந்த 312 என்ன தெரியுமோ? முழுச் சுற்றின் தூரம், கிலோமீட்டரில்! அதைப் பதினான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். தண்ணீர் குடிக்க நின்றாலும், டயர் பஞ்சரானாலும் கடிகாரம் நிற்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சராசரி மணிக்கு 22 கிலோமீட்டருக்குக் குறையாமல் மிதிக்க வேண்டும். அத்தனை பேராலும் இது முடியாது என்பதால் 225, 167 கிலோமீட்டர் கொண்ட சிறிய சுற்றுக்களும் உண்டு. சவாரி தொடங்கியது 2010-ம் ஆண்டில்.

"தூரம்தானே, மெள்ள மெள்ளப் போனால் போகிறது" என்று சொல்லிவிடலாம். ஆனால் தீவின் மேற்குக் கரை நெடுகிலும் டிராமுண்டானா என்ற மலைத்தொடர் மதில் போல் எழுந்து நிற்கிறதே! அதன் மிக உயர்ந்த சிகரமான புச் மஜோர் 1,445 மீட்டர் உயரம். பாதை அந்த உச்சி வரை போகவில்லை. ஆனால் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 5,000 மீட்டர் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து அந்தச் சிகரத்தின் உச்சிக்கு ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் ஏறியதற்குச் சமம்!

பொல்யென்சா என்ற பழைய ஊரைத் தாண்டியதும் முதல் மலை ஆரம்பம். கருவாலி மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து மேலே போகிறது. பிறகு வருகிறது லியூக் மடாலயம். தீவு மக்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய புண்ணிய ஸ்தலம்.

மடாலயம் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. லியூக் என்ற ஆட்டிடையச் சிறுவன் காட்டில் ஒரு கரிய மாதா சிலையைக் கண்டெடுத்தானாம். அதை எடுத்துப் போய்ப் பக்கத்து மாதா கோயிலில் வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் சிலையைக் காணோம்! தேடிப் போனால், பழைய இடத்திலேயே இருக்கிறது. மறுபடி எடுத்துப் போனார்கள், மறுபடியும் திரும்பிவிட்டது. "அம்மாவுக்கு இந்த இடம்தான் பிடித்திருக்கிறது" என்று அங்கேயே கோயில் கட்டிவிட்டார்கள். இத்தகைய கதை நம் வாசகிகளுக்குப் புதிதல்ல. தீவு மக்கள் அந்த மாதாவைச் செல்லமாக அழைக்கும் பெயருக்குக் 'கறுப்பாயி' என்றே பொருள் சொல்லலாம்.

இங்கே 1531-ம் ஆண்டு முதல் குழந்தைகளின் பாட்டுக் குழு ஒன்று இருந்து வருகிறது. நீல அங்கி அணிவதால் அவர்களுக்கு 'நீலக் குழந்தைகள்' என்று பெயர். அண்மைக் காலம் வரை சிறுவர்கள் மட்டுமே பாடி வந்தார்கள். இப்போது சிறுமிகளும் பாடுகிறார்கள். பால்மா நகரிலிருந்து இந்த மடாலயத்துக்கு இரவு முழுவதும் நடந்தே வரும் வழக்கமும் உண்டு. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடக்கும் யாத்திரை 1974-ல் தொடங்கியது. அது சுமார் 48 கிலோமீட்டர்.

சைக்கிள்காரருக்கு லியூக்கில் ஒரு சோதனை காத்திருக்கிறது. முதல் மலையை ஏறி முடித்த உற்சாகம். காலை நேரத்துக் குளிர்ந்த காற்று. முன்னே போகிறவரை முந்த வேண்டும் என்ற ஆசை. ஆனால் முழுச் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு கூட அப்போது முடிந்திருக்காது! சம்பளம் வந்த முதல் வாரத்திலேயே தாராளமாகச் செலவழித்துவிட்டு, மாதக் கடைசியில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற குடும்பத்தைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? காலில் உள்ள பலமும் சம்பளம் மாதிரிதான். ஒரு வித்தியாசம்: இங்கே கடன் கொடுக்க அடுத்த வீடு கிடையாது.

சாப்பாட்டு விஷயமும் அப்படியே. இத்தனை நீண்ட சவாரியில் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளே போக வேண்டும் என்பது விளையாட்டு வைத்தியர்களின் கணக்கு. பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். உடலில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்தால், பலசாலியும் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆகவே அனுபவசாலிகள் வாழைப்பழமும் ரொட்டியும் பையில் வைத்துக்கொண்டு, ஆசை இல்லாவிட்டாலும் மணி பார்த்துத் தின்கிறார்கள்.

லியூக்குக்கு அப்பால் இரண்டு ஏரிகளையும் ஒரு சுரங்கப் பாதையையும் கடந்தால், ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த சோல்யர் ஊர் வரை சுமார் 14 கிலோமீட்டர் இறக்கம். வழி நெடுகச் சுண்ணாம்போ களிமண்ணோ இல்லாமல், கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். அவற்றின் மேல் படிப்படியாக ஒலிவத் தோப்புக்கள். இந்த மலை நாட்டை 2011-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

அடுத்து வால்தெமோசா. அங்கே 1399-ல் நிறுவப்பட்ட இன்னொரு மடம் உண்டு. 1835-ல் துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். காலியான அந்த அறைகளில் 1838-39 குளிர்காலத்தில் குடியேறினாள் ஒரு பெண். ஆண் பெயரில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற ஜார்ஜ் சாண்ட்தான் அவள். உடன் அவளுடைய இரு குழந்தைகளும், நோயாளியான சங்கீத மேதை ஷோபானும். மழையும் ஈரமும் இருமலும் ஒரு புறம். ஊராரின் முணுமுணுப்பு மறு புறம். அதற்கு நடுவே ஷோபான் இசை அமைத்தார். அவள் பராமரித்தாள், எழுதினாள். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் இன்றும் அந்த ஊர்க் கடைகளில் விற்கிறது.

மலைகள் முடிந்தால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. தீவின் சமவெளியில் இன்னும் வெகு தூரம் பாக்கி. இங்கேதான் காலையில் செய்த செலவுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். காலையில் பறந்தவர்கள் தள்ளாடுகிறார்கள். அப்போது பொறுமையாக மிதித்து வந்தவர்கள், இப்போது அவர்களை ஒவ்வொருவராகக் கடந்து போகிறார்கள்.

இந்தப் பொறுமைக்கு அடையாளமாக இதே தீவின் பெண் ஒருவர் இருக்கிறார்: மாவி கார்சியா. 1984-ல் பிறந்தவர். ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த போட்டிகளில் கலந்துகொண்டிருந்த இவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகே தொழில்முறைச் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தார். பலர் ஓய்வு பெற நினைக்கும் வயது அது. 2025 ஜூலையில், பெண்களுக்கான 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தின் இரண்டாம் நாள், முடிவுக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில் தனியே முன்னால் பாய்ந்தார். பின்னால் பெருங் கூட்டம் துரத்தி வந்தது. சில வினாடி வித்தியாசத்தில் வெற்றி அவருக்கே! அப்போது அவருக்கு வயது 41. அந்தப் பந்தயத்தில் இத்தனை வயதில் ஒரு நாள் வெற்றியைப் பெற்ற பெண் அதற்கு முன் யாரும் இல்லை.

"இனிமேல் எனக்கு எதற்கு?" என்று சொல்லிக்கொண்டு எதையாவது பரண் மேல் ஏற்றி வைத்திருப்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. வீணையோ, தையல் இயந்திரமோ, பாதியில் நின்ற படிப்போ, எதுவாயினும் சரி. தூசி தட்டிக் கீழே இறக்குவதற்கு நாற்பத்தொன்று ஒன்றும் அதிக வயது அல்ல.