வாயில் தோட்டம் சுமக்கும் ராணி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோடை தொடங்கும் முன், மழை கொட்டி ஓய்ந்த இரவுகளில் சிலர் டார்ச் லைட்டும் டப்பாவுமாகக் கிளம்பிவிடுவார்கள். எறும்பு வளர்ப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. விடியுமுன் அவர்கள் தேடுவது, ‘அட்டா டெக்சானா’ என்ற இலைவெட்டி எறும்பின் ராணியை.

பறந்தபடியே ஆண் எறும்புகளோடு இணைசேரும் இளம் ராணி, தரையில் இறங்கியதும் இறக்கைகளை உதிர்த்துவிட்டு மண்ணைத் தோண்ட ஆரம்பிக்கும். பிடிக்க அதுதான் சரியான நேரம். அதன் வாய்க்குள் சின்னப் பை ஒன்று உண்டு. தாய்க்கூட்டிலிருந்து கிள்ளியெடுத்த பூஞ்சை உருண்டை அதற்குள் இருக்கும்.

அது எதற்கு? இந்த எறும்புகள் வெட்டி வரும் இலைகளைத் தின்பதில்லை. மென்று உரமாக்கி, அதன்மேல் பூஞ்சையை வளர்த்து அதைத்தான் உண்கின்றன. நிகராகுவா காட்டில் இதைக் கவனித்த இயற்கை ஆய்வாளர் தாமஸ் பெல்ட், 1874இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதினார்.

புது ராணிக்கு இலை கொண்டுவர ஆள் இல்லையே! அதனால் பூஞ்சையில் ஒரு துணுக்கைப் பிய்த்து, வயிற்றை முன்னால் வளைத்து, தன் கழிவு நீரில் ஒரு சொட்டை உரமாக விட்டு, மறுபடி பூஞ்சைத் தோட்டத்திலேயே நட்டு வைக்கும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும். பூஞ்சையை அது தொட்டுத் தின்னாது. தான் இடும் முட்டைகளில் பெரும்பகுதியைத் தின்று பசியாறும். முதல் வேலைக்கார எறும்புகள் வர ஒன்றரை, இரண்டு மாதமாகும்.

ஆகவே வளர்ப்பவர் ராணியைவிடப் பூஞ்சையைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். டப்பாவின் அடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி ஈரமாக வைப்பார்கள். காய்ந்தால் பூஞ்சை சாகும். தண்ணீர் தேங்கினால் வேறு பூசணம் பிடிக்கும். பூஞ்சை செத்தால் ராணியும் பிழைக்காது. ஆசைப்பட்டு அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் பெரிய கெடுதல். வேலைக்காரர்கள் வந்தபின் மருந்து அடிக்காத ரோஜா இதழ்களைக் கொடுக்கலாம்.

பூஞ்சை வளர்க்கும் எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அமெரிக்காவுக்குள்ளேயே இவற்றை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும். தப்பித்தால் பயிர்களை மொட்டையடித்துவிடும் அல்லவா?

நம் ஊரிலும் பூஞ்சை விவசாயிகள் உண்டு, கறையான்கள்! மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் அவற்றின் தோட்டத்திலிருந்து வந்ததுதான். பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். புற்றுக்குள் மட்டும் கையை விடாதீர்கள், பாம்பு இருக்கலாம்.