பூவரசங் குழை

புத்தளம், கற்பிட்டிக் கரையோர வேலிகளிற் காணப்படும் பூவரசு, உவர் நிலத்தையும் உப்புக் காற்றையும் தாங்கி வளரும் மரமாகும். காலையில் மஞ்சளாக மலரும் இதன் பூ மாலையிற் சிவந்து வாடும். மரத்தை வண்டி செய்யவும், பட்டையைக் கயிறு திரிக்கவும் முன்னோர் கொண்டனர். காயின் மஞ்சட் பாலைச் சொறி சிரங்குக்குப் பூசினர். ஆயினும் கமக்காரருக்குப் பெரும் பயன் தருவது இதன் குழையே.

கற்பிட்டி மணல் நீரையும் பசளையையும் பிடித்து வைக்கமாட்டாது. இட்ட யூரியாவில் ஒரு பங்கு நைத்திரேற்றாகி நிலத்தடி நீரிற் சேர்கின்றது. குடிகிணற்றுக்கு வருவதும் அந்நீரே. மிளகாய், வெங்காயம் நடுமுன் பூவரசங் குழையைத் தாழ்த்தினால், அது மக்கி மணலில் ஈரத்தை நிறுத்தும். நெல்வயலிலாயின் சேற்றுழவின்போது குழையை மிதித்து, நன்கு அழுகியபின் நாற்று நடுதல் வேண்டும். குழை மட்டும் போதுமென எண்ணற்க. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் நெல் விளைச்சல் வீழ்ந்ததை யாவரும் அறிவர். குழையிட்ட நிலத்தில் யூரியாவைக் குறைக்கலாம், முற்றாக நிறுத்தலாகாது.

பருத்தியைக் கெடுக்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சி பூவரசங் காயிலும் தங்கும், வெண்டியையும் தாக்கும். ஆகவே வெண்டித் தோட்டத்தை அடுத்த பூவரசுகளைக் காய் பிடிக்குமுன் வெட்டிக் குழையாக்குக. புது வேலிக்கு முற்றிய கதியால்களை ஐப்பசி மழையோடு நடுக.