'ட்ரிக் ஆர் ட்ரீட்' எத்தனை மணிக்கு? குட்டீஸுக்காக நேரம் குறிக்கும் அமெரிக்க ஊர்கள்!

பேய், சூனியக்காரி, ஸ்பைடர்மேன் என வேஷம் போட்ட குட்டீஸ், ஹாலோவீன் அன்று வீடு வீடாகப் போய் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று கேட்டு சாக்லேட் வாங்குவதை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். வாசல் விளக்கு எரிந்தால் 'வரலாம்', அணைந்திருந்தால் 'வேண்டாம்'. இதுதான் எழுதப்படாத விதி.

ஆனால், நினைத்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. பல ஊர்களில் நகராட்சியே தேதியும் நேரமும் அறிவிக்கிறது. பெரும்பாலும் மாலை 6 முதல் 8 வரை. இதற்குப் போய் அறிவிப்பா என்று தோன்றும். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்! சீக்கிரம் வைத்தால் அம்மா, அப்பா வேலை முடிந்து வந்திருக்க மாட்டார்கள். தாமதமானால் குழந்தை தூங்கிவிடும். மறுநாள் பள்ளி வேறு.

தூக்கத்தைவிடப் பெரிய கவலை, இருட்டு. 1975 முதல் 2016 வரை 42 ஆண்டுகளின் விபத்துக் கணக்கை எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் 43 சதவிகிதம் அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கோ சுமார் 10 மடங்கு. அபாயம் உச்சத்தில் இருப்பது மாலை 6 மணி வாக்கில். அதாவது, பிள்ளைகள் தெருவில் இறங்கும் அதே நேரம்!

விஸ்கான்சின் மாநிலத்தில் சில ஊர்கள் இதை வார இறுதிப் பகலிலேயே நடத்துகின்றன. வெளிச்சம் இருக்கும், பெற்றோரும் கூட வரலாம். கொளுத்தும் வெயிலில் பேய் வேஷமா என்று பெரிய பிள்ளைகள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கடையிலோ மருத்துவமனையிலோ டியூட்டி பார்க்கும் பெற்றோருக்கு இதுவும் சிக்கல்தான். எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் என்று ஒன்று கிடையாது.

அயோவா மாநிலத்தின் டெமாயின் நகரம் தேதியையே மாற்றிக்கொண்ட ஊர். 1938 ஹாலோவீன் இரவில் விஷமிகள் செய்த அட்டகாசத்தால் போலீஸுக்குப் புகார்கள் குவிந்தன. அதற்குப் பிறகு, பிள்ளைகளுக்கு மட்டும் முந்தைய நாளான அக்டோபர் 30 ஒதுக்கப்பட்டது. 'பெக்கர்ஸ் நைட்' என்று பெயர்.

2024-ல் அன்றைய மாலைக்குப் புயல் மழை எச்சரிக்கை. பல ஆண்டு வழக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு 31-ம் தேதிக்குத் தள்ளிவைத்தது நகர நிர்வாகம். அந்த ஆண்டு தீபாவளியும் அதே 31 என்பதால், அங்கே இருக்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கு அன்று டபுள் ஷிஃப்ட்!

தேதி எதுவானாலும் டெமாயினில் சாக்லேட் சும்மா கிடைக்காது. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும். மொக்கை ஜோக் என்றாலும் பரவாயில்லை, சாக்லேட் உண்டு.