பீலித் தண்ணீரில் கதிரியக்கம் இருக்கிறதா?

இருக்கிறது. மலை ஊற்றிலிருந்து வரும் ஹட்டன் பீலிகளில் மட்டுமல்ல, எந்த ஊர் மண்ணை எடுத்தாலும், எந்த ஊற்றுத் தண்ணீரை எடுத்தாலும் கொஞ்சம் கதிரியக்கம் (அணுக்கள் தாமாகச் சிதைந்து கதிர்களை வெளிவிடுவது) இருக்கும். நாம் பார்க்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான்.

எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் காலுக்குக் கீழே உள்ள பாறையிலிருந்து. பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை மண்ணோடும் நீரோடும் கலக்கின்றன. பொகவந்தலாவையிலிருந்து மலையைத் தாண்டி இறங்கினால் பலாங்கொடை வரும். தோரியம் நிறைந்த தோரியானைட் என்ற கறுப்புக் கனிமம் 1904இல் முதன்முதலாகக் கிடைத்தது அந்தப் பக்கத்தில்தான். கண்டறிந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்று அறிஞராகவே அவரை நமக்குத் தெரியும், ஆனால் அவர் முதலில் கனிமவியலாளர். இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். அடுத்த மலையில் ஒரு கனிமம் கிடைத்ததால் உங்கள் லயத்துப் பீலி கெட்டுவிட்டதாக ஆகாது.

மனிதர் போட்டதும் சிறிது உண்டு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் சீசியம்-137, மழையோடு உலகம் முழுவதும் இறங்கியது. அது பாதியாகக் குறைய சுமார் 30 வருடம் ஆகும். சீசியம் மண்துகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் மேல்மண் அரித்துப்போன சரிவில் குறைவாகவும், அந்த மண் போய்ச் சேர்ந்த பள்ளத்தில் கூடுதலாகவும் இருக்கும். மண்ணரிப்பை அளக்க விஞ்ஞானிகள் இதையே பயன்படுத்துகிறார்கள்.

சரி, கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிப் பீலிக்குப் பக்கத்தில் பிடித்தால் போதாதா? போதாது. அது சுற்றுப்புறத்துக் கதிர்களையெல்லாம் சேர்த்துக் காட்டும். எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று சொல்லாது. தேயிலைக்குப் போடும் பொட்டாஷ் உர மூட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் ஏறும், ஏனென்றால் ஒரு கிராம் பொட்டாசியத்தில் சுமார் 31 பெக்கரல் (ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) எப்போதும் உண்டு. வளர்ந்த ஒருவரின் உடம்பிலேயே இந்தப் பொட்டாசியத்தால் சுமார் 4,000 பெக்கரல் இருக்கிறது. தண்ணீரில் கலந்திருக்கும் சிறு அளவு அந்தக் கருவிக்கு எட்டவே எட்டாது.

ஆய்வுகூடத்தில் என்ன செய்வார்கள்? தண்ணீரை வற்றவைத்து, மிஞ்சும் படிவிலிருந்து வரும் ஆல்பா, பீட்டா கதிர்களை முதலில் மொத்தமாக எண்ணுவார்கள். குடிநீரில் லீற்றருக்கு ஆல்பா 0.5, பீட்டா 1 பெக்கரல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முதற்கட்ட வரம்பு. அதற்குள் இருந்தால் விஷயம் முடிந்தது. தாண்டினால் உடனே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பொருளால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மண் மாதிரியென்றால், அதைக் காயவைத்து, அரைத்து, சலித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று நான்கு வாரம் வைப்பார்கள். ரேடியத்திலிருந்து வரும் ரேடான் வாயு தப்பாமல் உள்ளேயே நிலைபெறத்தான் இந்தக் காத்திருப்பு. பிறகு தடித்த ஈயக் கூட்டுக்குள் வைத்து, திரவ நைதரசனால் குளிரூட்டிய ஜெர்மேனியம் கொண்ட உணர்கருவியால் பல மணிநேரம் அளப்பார்கள். ஆகவே "நாளைக்கே அறிக்கை வேண்டும்" என்று கேட்டுப் பயனில்லை.

அறிக்கையில் பொட்டாசியம்-40க்கு எதிரே கிலோவுக்கு 400 பெக்கரல் என்று கண்டால் பதற வேண்டாம். உலக மண்ணின் சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான். எண்ணுக்கு முன்னால் "<" குறி இருந்தால், கருவி கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கும் கீழே என்று பொருள். பூச்சியம் என்று பொருளல்ல.

கொதிக்க வைத்தால் போய்விடுமா? ரேடான் வாயு பெரும்பாலும் வெளியேறும். யுரேனியமும் ரேடியமும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

மாதிரியை எங்கே கொடுப்பது? வெல்லம்பிட்டி, ஒருகொடவத்தையிலுள்ள இலங்கை அணுசக்தி சபையில். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பும் வழக்கமான மண் பரிசோதனை உரத்துக்கானது. அதில் கதிரியக்கம் வராது. சாதாரணக் குடிநீர் அறிக்கையிலும் வராது. மாதிரி எடுக்கும் முன்பே சபையிடம் அளவு, கட்டணம், கலன் பற்றிக் கேட்டுவிடுங்கள். கலனை அதே பீலித் தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்புங்கள். மண்ணென்றால் ஒரே குழியில் அள்ளாமல் பல இடங்களில் எடுத்துக் கலந்து, இடம், ஆழம், திகதி எழுதி ஒட்டுங்கள்.

எல்லாரும் இதைச் செய்யத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. ஆழக் குழாய்க்கிணறு தோண்டியவர்களும், ஏற்றுமதிக்குச் சான்றிதழ் தேவைப்படும் தேயிலைக்காரர்களும் செய்யலாம். மலையிலிருந்து திறந்தபடி வரும் பீலித் தண்ணீருக்குப் பெரிய பகை கிருமிதான், மேலே இருக்கும் மலசலகூடக் குழியும் மாட்டுத் தொழுவமும்தான். கையில் ஒரு பரிசோதனைக்கு மட்டும் காசு இருந்தால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிருமிப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். அறிக்கை வரும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.