அளவைகளின் கதை – 17: அம்புக்கும் குண்டுக்கும் ஒரு கடிகாரம்

குரோனோகிராஃப் வாங்கக் கிளம்புகிறவர்களின் கண் முதலில் போவது பெட்டியில் அச்சிட்டிருக்கும் துல்லியத்தின் மேல்தான். பிழை ஒரு சதவீதம், அரை சதவீதம், அதற்கும் கீழே என்று விலை ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே போகும். குண்டு, அம்பு ஆகியவற்றின் வேகத்தை அளக்கும் இந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்க அந்த எண் அவ்வளவாக உதவாது என்பது என் கட்சி. வெளிச்சம், கோணம், தூரம் எல்லாம் ஒத்துழைத்தால் கிடைக்கக்கூடிய எண் அது. மைதானத்தில் அவை ஒத்துழைப்பது அபூர்வம். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இதன் முன்னே பறக்கப்போவது எது? கருவி தப்பாகக் காட்டினால் எனக்கு எப்படித் தெரியவரும்? இரண்டாவது கேள்வியைக் கடைக்காரர்கள் விரும்புவதில்லை.

விலை குறைந்த, நெடுநாள் புழக்கத்தில் உள்ள வகையிலிருந்து தொடங்கலாம். ஒரு கம்பியின் இரு முனைகளிலும் வானத்தைப் பார்த்தபடி இரண்டு ஒளி சென்சார்கள். அவற்றுக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் தகடுகள். குண்டு கடக்கும்போது வெளிச்சம் ஒரு கணம் மங்கும். முதல் சென்சார் கடிகாரத்தை ஓட விடும், இரண்டாவது நிறுத்தும். கடிகாரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. இன்றைய குவார்ட்ஸ் படிகம் அந்த வேலையைச் சுலபமாகச் செய்துவிடும். சிக்கல் இருப்பது தூரத்தில். சென்சார்களுக்கு நடுவே 1 அடி, அதாவது 305 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 3,000 அடி வேகத்தில் போகும் ரைஃபிள் குண்டு அதை 333 மைக்ரோ நொடியில் கடந்துவிடும். இடைவெளியில் 1 மில்லிமீட்டர் பிசகினால் திரையில் 10 அடி பிசகும். கம்பி நீளாது, சுருங்காது. பிறகு அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கிருந்து வரும்? ஒரு சென்சார் மேல் மட்டும் வெயில் சாய்வாக விழுந்தாலே போதும், அது விழித்துக்கொள்ளும் கணம் மாறிவிடும். கருவி 5 டிகிரி சாய்ந்திருந்தால் குண்டு கடக்கும் பாதை நீண்டு, வேகம் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் குறைத்துக் காட்டும். உள்ளரங்கில் டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடித்து சென்சாரைக் குழப்பும். ரைஃபிளுக்கு மிக அருகில் வைத்தால் குழல் வாயின் வெடியதிர்வே கடிகாரத்தைத் தட்டிவிடும். இத்தனை நடந்தாலும் திரை தயங்காமல் ஓர் எண்ணைக் காட்டும். அதில் தசமப் புள்ளியும் இருக்கும்.

இதற்கு அமெரிக்கப் பொறியாளர் கென் ஓலர் கண்ட வழிதான் எனக்குப் பிடித்தது. இரண்டு சென்சார்களுக்கு இடையே மூன்றாவதாக ஒன்றை வைத்தார். ஒரே குண்டுக்கு இரண்டு கணக்குகள் கிடைக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சூட்டின் அளவைச் சந்தேகிக்கச் சொல்லிக் கருவியே எச்சரிக்கும். அந்தக் கூடுதல் சென்சார் துல்லியத்தைக் கூட்டுவதில்லை, பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது. காசு கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

வேகத்தைச் சொல்லும்போது இடத்தையும் சொல்ல வேண்டும் என்பது பழைய பாடம். இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில் ஓர் ஊசலை விவரித்தார். தொங்கும் கட்டையில் குண்டு புதைய, கட்டை பின்னால் போகும். எவ்வளவு போனது என்பதை ஒரு நாடா இழுபட்டுக் காட்டும். ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டபோது, காற்று குண்டின் வேகத்தை அதுவரை நினைத்ததைவிட மிக அதிகமாகத் தின்கிறது என்று தெரிந்தது. கணித மேதை ஆய்லரே அந்நூலை 1745-இல் ஜெர்மனில் கொண்டுவந்தார். (ராபின்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்து, 1751-இல் நம் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார்.) இன்றைய கருவிகளுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்: ஒளி சென்சார் தான் நிற்கும் இடத்து வேகத்தைச் சொல்கிறது, ரேடார் வகைக் கருவி பறக்கும் குண்டைத் தொடர்ந்து பார்த்து, குழல் வாயில் இருந்த வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. இரண்டு நண்பர்களின் கருவிகள் வேறு வேறு எண்கள் காட்டினால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

"டாப்ளர் ரேடார் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்ட பிறகு இந்த வெயில், சாய்வுப் பேச்செல்லாம் எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லேப்ரேடாரும் அதன்பின் வந்த கார்மின் கருவியும் வெளிச்சத் தொல்லையை ஒழித்துவிட்டன. குண்டு எதன் நடுவிலும் நுழைய வேண்டியதில்லை என்பதால் கருவியையே சுட்டு உடைக்கும் பரிதாபமும் குறைந்தது. 24 கிகாஹெர்ட்ஸ் அலை, நொடிக்கு 60 மீட்டரில் விலகிப் போகும் அம்பில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் 9,600 ஹெர்ட்ஸ் அளவுக்கு மாறியிருக்கும். அதை எண்ணுவது கடினமல்ல. ஆனால் ரேடாருக்கும் பறப்பது எது என்ற கேள்வி உண்டு. வெடிச்சத்தம் கேட்டு விழிக்கும்படி அமைத்த கருவி, சத்தமில்லாத வில்லுக்கு விழிக்காது. அதற்கான தனி அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்துத் தடத்தில் சுடுபவரின் குண்டையும் அது பிடிக்கக்கூடும். விலையும் ஒளி வகையைப் போலப் பல மடங்கு. குழலின் கீழே கட்டும் காந்த வகையை வில்லாளிகள் மறந்துவிடலாம்: கட்ட அங்கே குழலே இல்லை, கார்பன் தண்டு காந்தத்துக்குத் தெரியவும் தெரியாது. ரைஃபிளுக்கு அது நன்றாக உழைக்கும். ஆனால் குழலில் எடை தொங்குவதால் குண்டு விழும் இடம் மாறும். வேகத்தையும் குறியையும் ஒரே நேரத்தில் சோதிக்க முடியாது.

"குறிப்பலகை சொல்லாததையா கருவி சொல்லிவிடும்?" என்பது இன்னொரு ஆட்சேபம். பாதி உண்மை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் வீரருக்கும் 70 மீட்டர் வில்லாளிக்கும் மெய்யான வேகம் பெரிதாகத் தேவையில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். எப்போதும் 1 சதவீதம் குறைத்தே காட்டும் கருவியும் அவர்களுக்கு நல்ல கருவிதான். சட்ட வரம்பு என்று வந்தால் கதை வேறு. இந்தியாவில் 20 ஜூலுக்கு மேல் ஆற்றலுள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 270 மீட்டரில் போனால் ஆற்றல் 19.3 ஜூல், நிம்மதி. கருவி 2 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தால் உண்மை ஆற்றல் 20-ஐத் தாண்டியிருக்கும். வேகத்தின் பிழை ஆற்றலில் இரட்டிப்பாகிறது.

ஐந்து முறை சுட்டுவிட்டுச் சீர்மையை அறிவிப்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஐந்து சூடுகளில் திட்டவிலக்கம் 10 அடி என்று வந்தால், உண்மையான மதிப்பு 6-க்கும் 29-க்கும் இடையே எங்கும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். இருபது சுட்டால்கூட அந்த வரம்பு 7.6-இலிருந்து 14.6 வரை. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவியால் தீராத இந்தக் குறை, இன்னும் பதினைந்து பெல்லட் செலவில் பாதிக்கு மேல் தீர்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: ரைஃபிளுக்குத் தாமே தோட்டா அடைத்துச் சோதிப்பவர், கையில் பணமிருந்தால், ரேடார் வாங்கட்டும். ஏர் ரைஃபிள் சங்கங்களுக்கும் வில் பயிற்சிக் கூடங்களுக்கும் அகச்சிவப்பு விளக்கோடு வரும் ஒளி வகை போதும். எதை வாங்கினாலும் முதல் நாளே ஒரு நண்பரின் கருவியை இரவல் வாங்கி, இரண்டையும் வரிசையாக வைத்து இருபது முறை சுடுங்கள். பிறகு முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றி வைத்து இன்னும் இருபது. எந்தக் கருவி எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அந்த எண்ணைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

(தொடரும்)