சுடாத துப்பாக்கியின் சத்தம்

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடக்கி, இரண்டு தோட்டாக்களைச் செருகி, ஒரே உதறலில் நிமிர்த்துவான். ‘ணங்!’ என்று ஒரு சத்தம் தியேட்டரையே அதிர வைக்கும். அதெல்லாம் பெரும்பாலும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து சேர்த்த சத்தம். நூறு ஆண்டுப் பழமையான ஆங்கிலேய வேட்டைத் துப்பாக்கியை யாராவது அப்படி உதறி மூடினால், அதன் சொந்தக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

நன்றாகச் செய்த பழைய துப்பாக்கி மூடும்போது வருவது வெறும் ‘டப்’. கனமான, குட்டையான, இழுபடாமல் அங்கேயே முடிந்துவிடும் ஒரு ‘டப்’. வங்கிப் பெட்டக அறையின் கதவு சாத்துவது போல இருக்கிறது என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். துப்பாக்கியின் தரத்தை அந்த ஒரு சத்தத்திலேயே பாதி எடை போட்டுவிடுவார்கள். இரும்போடு இரும்பு மோதுகிறது. மணி மாதிரி ஒலிக்க வேண்டாமா? ஏன் ‘டப்’?

முதலில் துப்பாக்கி எப்படி மடங்குகிறது என்று பார்ப்போம். ஒரு காலத்தில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டியிருந்தது. 1830-களில் பாரிஸ் நகரத்துத் துப்பாக்கிக் கலைஞர் காசிமிர் லெஃபோஷோ, கதவு போலக் கீல் வைத்துக் குழலை மடக்கி, பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். 1851-இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் அதைப் பார்த்த பிறகுதான் ஆங்கிலேயர்களுக்கு ஆசை வந்தது. கதவு என்றால் தாழ்ப்பாள் வேண்டுமே! 1863-இல் லண்டனின் ஜேம்ஸ் பர்டி (இளையவர்) ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார். குழல்களுக்கு அடியில் இரண்டு இரும்புப் பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். குழலை நிமிர்த்தியதும், வில்லால் உந்தப்பட்ட ஒரு தகடு வழுக்கி வந்து அந்தப் பற்களில் வெட்டியிருக்கும் பள்ளங்களுக்குள் புகுந்துகொள்ளும். இரண்டே ஆண்டில், 1865-இல், இதைக் கட்டைவிரலால் தள்ளும் மேல் லீவரோடு இணைக்கும் வழியும் வந்துவிட்டது. இன்றைக்கும் பல இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இந்தக் கூட்டணிதான்.

ஆக, மூடும்போது ஒன்றல்ல, இரண்டு சத்தம். குழல் இறங்கி உட்காரும் ‘டப்’, தாழ்ப்பாள் புகும் ‘டிக்’. நல்ல துப்பாக்கியில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். தேய்ந்ததில் அவை பிரிந்து, நடுவில் ஒரு ‘கடகட’ எட்டிப் பார்க்கும். இரண்டு ஓசைகளுக்கு நடுவே நொடியில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி இருந்தாலே நம் காது கண்டுபிடித்துவிடும். கண்ணுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. சினிமாவில் நொடிக்கு 24 படங்களைக் காட்டியே அதை ஏமாற்றிவிடுகிறோமே!

இனி பட்டறைக்குள் போவோம். தொழிலாளி ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கைப் புகைய விட்டு எரிக்கிறார். அதன் கரியைக் குழலின் அடிப்பகுதியில் படிய விடுகிறார். துப்பாக்கியை மெதுவாக மூடித் திறக்கிறார். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் இரும்பும் இரும்பும் தொடுகின்றன. அந்த மேட்டை மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி மூடல், மறுபடி அரம். பல் டாக்டர் ஒரு நீலத் தாளைக் கொடுத்து ‘கடி’ என்பாரே, பல்லில் எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் ராவுவாரே, அதே வித்தை. கரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழியும் வரை அவர் விடமாட்டார். கரிப்படலத்தின் தடிமன் அளவுக்குக்கூட இடைவெளி இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு. எனக்கு இந்தத் துப்பாக்கிக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அவ்வளவு விலை உயர்ந்த பொருளுக்கு அளவுகோல், ஓசி விளக்குக் கரி!

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். அதே துப்பாக்கியின் குழல்களை மட்டும் தனியே கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினால் ‘ணங்ங்ங்’ என்று கோயில் மணி போல நீண்டு ஒலிக்கும். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்வார்கள். இரண்டு குழல்களையும் சேர்க்கும் பட்டையை ஈயம் கலந்த பற்றுவைத்து ஒட்டியிருப்பார்கள். எங்காவது பற்று விட்டிருந்தால் மணியோசை வராது. ‘ணொய்ங்’ என்று ஒரு கரகரப்பு வரும். விட்டுப்போன இடத்தில் இரண்டு இரும்புகளும் உரசி, அதிர்வு வெப்பமாக வீணாகிவிடுகிறது. உங்கள் பாட்டி சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். விரிசல் விட்ட பானை ஏன் ‘தொப்’ என்கிறது என்று இப்போது உங்களால் அவருக்கே விளக்க முடியும்.

சரி, தனியே இருக்கும்போது இப்படிப் பாடும் குழல், மூடியதும் ஏன் ஊமையாகிறது? ஒலிக்கும் மணியைக் கையால் பொத்திப் பாருங்கள். அதுதான் நடக்கிறது. குழல் இறங்கி உட்கார்ந்ததும், அதன் அடியும் பின்புறமும் கனமான இரும்புக் கூட்டோடு முழுப் பரப்பும் ஒட்டிக்கொள்கின்றன. அதிர்வு குழலில் தங்காமல் கூட்டுக்குள் போகிறது, அங்கிருந்து அக்ரூட் மரக் கட்டைக்குள் போகிறது, கட்டையைப் பிடித்திருக்கும் கையில் போய் அடங்குகிறது. பொருத்தம் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு சீக்கிரம் அடங்கும். பல வருட உபயோகத்தில் கீல் தேய்ந்து, இடையில் மயிரிழை வெளிச்சம் தெரியத் தொடங்கினால், குழல் மீண்டும் பாதி சுதந்திரமாகிவிடும். அப்போதுதான் அந்தச் சினிமா ‘ணங்’ வரும். சினிமாக்காரர்கள் நமக்கு இத்தனை நாளும் ரிப்பேருக்குப் போக வேண்டிய துப்பாக்கியின் சத்தத்தைத்தான் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

‘டப்’புக்குள் மெலிதாக இன்னொரு ஓசையும் ஒளிந்திருக்கிறது. தோட்டா இல்லாமல் மூடினால், குழலுக்குள் இருக்கும் காற்றையும் ஓர் அறை அறைகிறோம். காற்றும் ஒலிக்கும். அதை வீட்டிலேயே கேட்கலாம். பழைய துப்பாக்கிகளில் சாதாரணமாகக் காணும் குழல் நீளம் 30 அங்குலம், அதாவது சுமார் 76 சென்டிமீட்டர். அதே நீளத்துக்கு ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப் ஒன்றை வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு முனையை ரப்பர் செருப்பால் பட்டென்று அடித்து, செருப்பை அப்படியே அழுத்திப் பிடியுங்கள். ‘பூம்’ என்று தாழ்ந்த சுரம் வரும். நொடிக்கு 110-ஐ ஒட்டிய அதிர்வுகள். அடுத்து, அடித்தவுடன் செருப்பை எடுத்துவிடுங்கள். சுரம் உயர்ந்து, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அதிர்வாகிவிடும். ஒரு முனை மூடிய குழலில் ஒலி அலையின் கால் பங்குதான் அடங்கும், இரண்டும் திறந்திருந்தால் அரைப் பங்கு அடங்கும். மூடிய துப்பாக்கி, செருப்பை அழுத்திப் பிடித்த பைப்.

துப்பாக்கியை எங்கே பார்த்தாலும், காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், தொடக் கூடாது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதை வைத்திருக்கப் பெரியவர்களுக்கே லைசென்ஸ் வேண்டும். பி.வி.சி. பைப்புக்கு வேண்டாம்.