உங்களுக்குத் தெரியுமா? நாள் தள்ளிப்போன இரண்டே வாரத்தில்…

நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். ‘அலைச்சலால் இருக்கும்’ என்று பெண் நினைத்துக்கொண்டிருப்பாள். அதற்குள் உள்ளே ஒரு பெரிய வேலை முடிந்துவிடுகிறது. கருவின் முதுகில் தட்டையாகக் கிடந்த செல் படலம், சோமாசி மடிப்பதுபோல இரு ஓரமும் சேர்ந்து ஒட்டிக் குழாயாகிறது. பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆவது இதுதான். கரு உருவான ஏறக்குறைய 28-ஆம் நாளுக்குள் இது மூடிவிட வேண்டும். அப்போது கரு ஓர் அரிசிமணி நீளம்கூட இருக்காது!

கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு. மேற்பக்கம் மூடாவிட்டால் மூளையே முழுதாக வளராது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை.

குழாய் மூடுவதற்குக் கைகொடுப்பது ஃபோலிக் அமிலம். முன்பு இக்குறையுள்ள கரு உண்டான பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே அதைக் கொடுத்துப் பார்த்தது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். மறுபடி வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்ததாக 1991-இல் அறிவித்தது.

ஸ்கேனில் பார்த்த பிறகு தொடங்கினால் இந்தக் குறையைத் தடுக்க முடியாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.